நவராத்திரிக்குத் திருவனந்தபுரம்: தோடியும் கேட்க வேண்டும், போளியும் சாப்பிட வேண்டும்

குண்டாற்றங்கரை (செங்கோட்டை):

அனைவருக்கும் வணக்கம். வரும் நவராத்திரியில் இரண்டு இரவு திருவனந்தபுரத்தில் தங்குவது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. முடிவானது அது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றிலும் சண்டை.

போகிறவர்கள் மூன்று பேர். அம்மாவுக்குப் பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்துக் கச்சேரி கேட்க வேண்டும். சிறுவயதில் கல்லிடைக்குறிச்சியில் முறையாகப் பாட்டுக் கற்றவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் கீர்த்தனை காதில் விழுந்தால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். சுத்த சைவம். வேகமாக நடக்க முடியாது. தம்பி திருப்பூரில் வேலை செய்கிறான். அவனுக்குச் சாப்பாடு. நகரத்தின் நாலா மூலையிலும் ஹோட்டல்களைக் குறித்துப் பட்டியல் வைத்திருக்கிறான்; போதாக்குறைக்குக் கோவளம், வர்க்கலை, பூவாறு என்று கடலையும் சேர்த்துக்கொண்டான். எனக்குப் பழைய தெருக்களில் நடந்தால் போதும். கோட்டை, சாலைக் கடைத்தெரு, கரமனை இவற்றைப் பற்றி எங்கள் தாத்தா சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த காலத்து மனிதர் அவர். கோர்ட்டு வேலையாக அடிக்கடி போய் வந்தாராம்.

கேட்க விரும்புவது இவைதான். ஒன்பது நாளில் எந்த இரண்டு நாள் போகலாம்? எந்தப் பகுதியில் தங்கினால் அம்மாவுக்கு அலைச்சல் குறையும்? தம்பியின் கோழியையும் அம்மாவின் கோயிலையும் ஒரே நாளில் சேர்ப்பது எப்படி? குளத்துப்புழை வழியாகப் பஸ்ஸில் வருவதா, கொல்லம் போய் ரயில் மாறுவதா?

சாலைக்காரன் (ஆரியசாலை, திருவனந்தபுரம்):

தங்கச்சி, முதலில் தம்பியின் பட்டியலை வாங்கி மடித்துப் பெட்டிக்குள் வையுங்கள். இரண்டு இரவுக்காக வருகிறவர்கள் வர்க்கலைக்கும் பூவாறுக்கும் போனால் பார்க்கப்போவது பஸ் ஜன்னலைத்தான். நான் சாலையில் ஒரு பழ மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் பூதப்பாண்டிப் பக்கம். இந்த ஊருக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் நான் சொல்வது ஒன்றே: மாலை ஆறு மணியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், நாளின் மற்ற வேலைகளை அதிலிருந்து பின்னோக்கி அடுக்குங்கள். மண்டபத்தில் கச்சேரி ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிந்துவிடும். யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். அதனால் பகல் முழுவதும் நடந்தே திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். கோட்டையும் சாலையும் அதற்குத் தோதான இடங்கள்.

எந்த நாள் என்பதை உங்கள் அம்மாவிடம் விடுங்கள். இங்கே நாளுக்கு ஒரு ராகம் என்பது சுவாதித் திருநாள் காலத்து ஏற்பாடு. முதல் நாள் சங்கராபரணம், பிறகு கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. அந்தந்த நாளுக்கு உரிய கீர்த்தனைதான் கச்சேரியின் நடுநாயகம். வித்வான் யாராக இருந்தாலும் இது மாறாது. கல்லிடைக்குறிச்சியில் பாட்டுக் கற்றவர் என்றால் நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் கேட்பார் என்று பந்தயம் கட்டுகிறேன். சில ஆண்டுகளில் திதி கூடும், குறையும். ஆகவே ஆங்கிலத் தேதியை நம்பி அறை எடுக்காமல், பத்திரிகையில் நிகழ்ச்சி நிரல் வந்ததும் ராகத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தங்குவதற்கு, 'கிழக்கே கோட்டை' என்று சொல்லும் பகுதிக்கும் தம்பானூருக்கும் இடையில் பாருங்கள். ரயில் நிலையமும் பஸ் நிலையமும் தம்பானூரில் எதிரெதிரே இருக்கின்றன. அங்கிருந்து கோட்டை வாசல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அம்மாவுக்கு ஆட்டோ, உங்களுக்குக் கால். செங்கோட்டையிலிருந்து பஸ்ஸிலேயே வாருங்கள். தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு என்று வரும் பாதை 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வளைவுகள் உண்டு, வயிற்றைப் புரட்டும், ஆனால் கொல்லம் நிலையத்தில் மூட்டையோடு மேம்பாலம் ஏறி இறங்கும் வேலை மிச்சம். காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்.

முதல் நாள் மதியம் சாப்பாட்டோடு சரி; வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சாப்பாட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இலைச் சாப்பாட்டில் போளியும் பால்பாயசமும் உண்டா என்று கேட்டுவிட்டு உள்ளே நுழையுங்கள். செங்கோட்டைப் போளியை மனத்தில் வைத்துக்கொண்டு வராதீர்கள். இங்கே கடலைப்பருப்பும் சர்க்கரையும் மஞ்சள்தூளும் சேர்ந்த பூரணம். வெல்லம் கிடையாது. உள்ளே பூரணம் இருப்பதே வெளியே தெரியாத அளவுக்கு மெல்லியதாகத் திரட்டி, நெய் தடவி, நிறம் பளிச்சென்ற மஞ்சளாக வரும். அதை இலையில் விரித்துப்போட்டு அதன்மேல் சூடான பாயசத்தை ஊற்றுவார்கள். அவசரப்படாமல் அரை நிமிடம் விடுங்கள். ஓரம் ஊறி நடுப்பகுதி இன்னும் பிடிப்பாக இருக்கும்போது கையால் பிசைந்து எடுக்க வேண்டும். முழுக்க ஊறிவிட்டால் கூழ்தான். பாயசம் வந்துவிட்டதே, சாப்பாடு முடிந்தது என்று இலையை மடக்கிவிடாதீர்கள். அதற்குப் பிறகுதான் புளிசேரியும் ரசமும் மோரும் வரும்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் என்னோடு சாலைக்கு வரலாம் என்று சொல்வேன், ஆனால் அந்த நேரத்தில் நான் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்க முடியாது. நீங்களே வாருங்கள். நவராத்திரிச் சமயத்தில் தோவாளைப் பூ வண்டி வந்து இறங்குவதைப் பார்க்க வேண்டும். பிச்சியும் அரளியும் ஈரத் துணியில் சுற்றிய மூட்டைகளாக வரும்; பிரித்த மறுகணமே விலை பேச ஆரம்பித்துவிடுவார்கள். கை எண்ணுவது தமிழில், வாய் சண்டை போடுவது மலையாளத்தில். 18ஆம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாசன் உண்டாக்கிய கடைத்தெரு இது. அப்போதே தமிழ் வியாபாரிகள் வந்து குடியேறினார்கள். பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் பாதி ஊர் நம் பக்கத்து ஊர்களாக இருக்கும். வாழைக்காய் வறுவல் வாங்குவதானால் பாக்கெட்டில் கட்டித் தொங்கவிட்டிருப்பதைத் தொடாதீர்கள். ஏத்தன்காயை (நேந்திரங்காயை) சீவி நேரே தேங்காய் எண்ணெயில் விழவைக்கும் கடை எது என்று மூக்கே சொல்லிவிடும். ஊருக்குக் கிளம்பும் நாளில் வாங்கினால் நமத்துப்போகாது.

கோழிப் பிரச்சினைக்கு வழி: கோயில் காலையில், கோழி மதியம், குளியல் மாலையில், பிறகு கச்சேரி. பத்மநாபசுவாமி கோயிலில் ஆண்களுக்கு வேட்டி மட்டும்தான், சட்டை கூடாது. பெண்கள் சேலை கட்டிக்கொள்ளலாம். சுடிதார் என்றால் அதன்மேல் ஒரு வேட்டியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். கைப்பேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. அறையிலேயே விட்டுவிட்டு வந்தால் தம்பிக்கு நல்லது. தரிசனம் முடிந்த பிறகு அவன் சாலைக்குள் இருக்கும் 'கேத்தல்' என்று எல்லோரும் சொல்லும் ரஹ்மானியாவுக்குப் போகட்டும். 1949இலிருந்து நடக்கும் கடை. சிறு கோழியை மிளகாய்ப் பொடி தூக்கலாக வறுத்து, சின்னச் சின்னச் சப்பாத்தியோடு கொடுப்பார்கள். கூடவே எலுமிச்சைச் சாறு. கூட்டம் இருக்கும். நிற்கட்டும், இளவயதுதானே.

மார்த்தாண்டத்துக்காரி:

அண்ணாச்சி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், எங்கள் பக்கத்தைத் தவிர. அக்கா, மண்டபத்தில் கொலுவிருக்கும் சரசுவதி எங்கள் மாவட்டத்துக்காரி. பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து யானைமேல் புறப்படுவாள். கூட வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் வருவார்கள். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு தங்கி, நடந்தேதான் திருவனந்தபுரம் போவது. களியக்காவிளையில் கேரளத்துக்காரர்கள் எதிர்கொண்டு அழைத்துக்கொள்வார்கள். 1956இல் கோடு போட்டுப் பிரித்த பிறகும் சாமி போக்குவரத்து நிற்கவில்லை. ஊர்வலம் எங்கள் தெருமுனையைக் கடக்கும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குத்துவிளக்கும் தட்டும் வைத்திருப்போம். பஸ்கள் வரிசையாக நின்றுவிடும், ஒரு டிரைவரும் ஹாரன் அடிக்க மாட்டார்.

ஊரில் போய்ச் சேர்ந்ததும் மூவரும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சரசுவதி நவராத்திரி மண்டபத்தில், முருகன் ஆரியசாலைக் கோயிலில், நங்கை செந்திட்டைக் கோயிலில். அம்மாவை ஆட்டோவில் வைத்து மூன்றையும் காட்டிவிடலாம், பக்கம் பக்கம்தான்.

சாப்பாட்டில் ஒன்று சேர்க்கிறேன். ஒரு வேளையாவது தம்பானூர் பஸ் நிலையத்தை ஒட்டிய இந்தியன் காபி ஹவுஸில் உட்காருங்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டியது. செங்கல் உருளை, உள்ளே படிக்கட்டே கிடையாது. சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளத்தின் ஓரமாக மேசைகள். அம்மாவுக்குக் கீழ்ச் சுற்றிலேயே இடம் பிடித்துவிடுங்கள். மசால் தோசைக்குள் பீட்ரூட் சிவப்பாக இருக்கும், பயந்துவிட வேண்டாம். தலைப்பாகையில் விசிறி வைத்த பரிமாறுபவர்கள் அவசரப்படுத்த மாட்டார்கள். நாங்கள் மருத்துவமனைக்கு வரும்போதெல்லாம் பஸ் வரும்வரை அங்கேதான் உட்கார்ந்திருப்போம். தம்பிக்கு மீன் வேண்டுமென்றால் மரச்சீனியும் மீன் குழம்பும் எழுதிப்போட்டிருக்கும் சின்னக் கடையாகப் பார்த்து மதியம் ஒரு மணிக்குள் போகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு குழம்புதான் மிஞ்சும், மீன் இருக்காது.

நெடுமங்காட்டு வழி:

எல்லோரும் நவராத்திரி, நவராத்திரி என்கிறீர்கள். நான் மாற்றிச் சொல்கிறேன். ஜனவரியில் வாருங்கள். குதிரமாளிகை அரண்மனையில் சுவாதி சங்கீத உற்சவம் அந்த மாத முதல் பாதியில் நடக்கிறது. டிக்கெட் இல்லை. பனிக்காற்று, மழை பயம் கிடையாது. நவராத்திரியில் துலாவர்ஷம் (ஐப்பசி மழை) தலைகாட்டத் தொடங்கினால் சாயங்காலம் மூன்று மணிக்கு இடி இடித்துக் கோட்டைக்குள் முழங்கால் தண்ணீர். அறை வாடகையும் அப்போது குறைவாக இருக்காது. வயதானவரை அழைத்துக்கொண்டு வருபவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

தம்பிக்குக் கர்நாடக சங்கீதம் பிடிக்கவில்லை என்றால் வெள்ளையம்பலத்துக்கும் மியூசியத்துக்கும் நடுவில் மானவீயம் வீதி இருக்கிறது. இரவில் இளைஞர்கள் கிதாரோடு மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். காசு கொடுத்துக் கேட்கிற பாட்டை விடச் சில நாள் நன்றாகவே இருக்கும்.

சாலைக்காரன்:

நெடுமங்காட்டு வழி நண்பரே, ஜனவரி உற்சவம் நல்ல உற்சவம்தான், மறுக்கவில்லை. சுவாதித் திருநாள் பாட்டுகளில் வித்வான் தமக்குப் பிடித்ததைப் பாடுவார், கைதட்டுவோம், வீட்டுக்குப் போவோம். நவராத்திரி மண்டபத்தில் பாடுவது நமக்காக அல்ல, எதிரே இருக்கும் சரசுவதிக்காக. ஓரமாக உட்கார்ந்து கேட்க நமக்கும் இடம் கொடுக்கிறார்கள். அந்த அம்மா கேட்க ஆசைப்பட்டது எது என்று தங்கச்சி முதல் பத்தியிலேயே எழுதிவிட்டார். மழைக்குக் குடை இருக்கிறது.

மானவீயம் யோசனையை ஏற்றுக்கொள்கிறேன். ஒருநாள் கச்சேரி நேரத்தில் பையனை அங்கே அனுப்பிவிடலாம். பின்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவதைவிட அது மேல்.

தைக்காட்டு மாணவி:

நான் தைக்காட்டில் இருக்கும் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் படித்தவள். அம்மாவுக்காக இரண்டு மூன்று செய்திகள்.

அங்கே தானம் (ஆலாபனைக்குப் பின் அசைகளை வைத்து லயத்தோடு பாடும் பகுதி) பாடும்போது மிருதங்கமும் சேர்ந்து வாசிக்கும். சென்னைக் கச்சேரிகளில் தானத்துக்கு மிருதங்கக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் ஐந்து நிமிடம் வித்தியாசமாக இருக்கும். பைரவி நாளன்று இதை முக்கியமாகக் கவனிக்கச் சொல்லுங்கள். பாடகர் ஒரு சொற்கட்டை நீட்டும்போது மிருதங்கம் அதை மூடாமல் அடியிலேயே ஒட்டிக்கொண்டு போக வேண்டும். அது எல்லோருக்கும் கைவருவதில்லை. கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துக் கட்டியிருப்பார்கள், நாதம் சீராகப் பரவுவதற்காக. எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் முதலில் கண்ணுக்குப் பிடிபடாது. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தால் தெரியும். கச்சேரி முடிந்தால் கைதட்டல் இல்லை. பழக்கதோஷத்தில் தட்டிவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆறு மணி என்றால் ஐந்தேகாலுக்கே போய்விடுங்கள், சுவரோரம் சாய்ந்துகொள்ளும்படி இடம் கிடைத்தால் அவருக்கு வசதி.

இன்னொன்றும் உண்டு. அந்த மண்டபத்தில் பெண்கள் பாட 2006 வரை அனுமதி இல்லை. அந்த ஆண்டுதான் பாறசாலை பொன்னம்மாள் முதல் பெண்ணாக அங்கே உட்கார்ந்து பாடினார். அப்போது அவருக்கு எண்பதைக் கடந்த வயது. எங்கள் கல்லூரி இசை அகாடமியாக இருந்தபோது அதில் சேர்ந்த முதல் மாணவியும், பிறகு அங்கே கற்பித்த முதல் பெண்ணும் அவர்தான். ஊர் பாறசாலை, களியக்காவிளையைத் தாண்டினால் அடுத்தது. உங்கள் அம்மா தலைமுறைப் பாட்டுக்காரிகளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

பகலில் நேரம் இருந்தால் கரமனைக்குப் போங்கள். கீர்த்தனைகள் இயற்றிய நீலகண்ட சிவன் வாழ்ந்த இடம். பாபநாசம் சிவன் இளமையில் திருவனந்தபுரத்தில்தான் படித்தார். நீலகண்ட சிவனின் பஜனையில் கூடப் பாடித்தான் தமிழ்க் கீர்த்தனையின் பக்கம் வந்தார். அக்கிரகார வீடுகளில் பல இன்று அடுக்குமாடியாகிவிட்டன. ஆனாலும் ஒட்டிய சுவர்களும் நீண்ட ரேழியும் உள்ள சில வீடுகள் மிச்சமிருக்கின்றன. காலை எட்டு மணிக்குள் போனால் கோலம் அழியாமல் இருக்கும்.

குண்டாற்றங்கரை (செங்கோட்டை):

அண்ணாச்சி பந்தயத்தில் ஜெயித்துவிட்டார். ராகங்களின் வரிசையைப் படித்துக் காட்டினேன். "நாலும் அஞ்சும்" என்று அம்மா உடனே சொல்லிவிட்டார், பந்துவராளியைப் பற்றி ஒரு வார்த்தை யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். பொன்னம்மாள் செய்தியைக் கேட்டதும் அலமாரியில் பழைய பாட்டு நோட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார், இன்னும் கிடைக்கவில்லை.

இப்போது திட்டம் இப்படி நிற்கிறது. நான்காம் நாள் காலை பஸ், மதியம் போளி, ஓய்வு, தோடி. ஐந்தாம் நாள் விடிந்ததும் நான் மட்டும் சாலைக்கு. அங்கிருந்து திரும்பியதும் மூவரும் கோயில், குதிரமாளிகை. தம்பிக்கு மதியம் கேத்தல், எங்களுக்குக் காபி ஹவுஸ். மாலை பைரவி, தம்பி மானவீயம். ஆறாம் நாள் காலை கரமனை, பிறகு ஊர். தம்பி வர்க்கலையையும் பூவாறையும் விட்டுக்கொடுத்துவிட்டான், கோவளத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறான். அதை எங்கே சொருகுவது? குதிரமாளிகைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

சாலைக்காரன்:

குதிரமாளிகைக்கு ஒரு மணி நேரம் போதும். கூரையைத் தாங்கும் 122 மரக்குதிரைகளை அம்மா வெளியிலிருந்தே அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம், உள்ளே மரப்படி ஏற வேண்டியதில்லை. திங்கட்கிழமை அடைப்பு, உங்கள் ஐந்தாம் நாள் திங்களில் விழுந்தால் மாளிகையை ஆறாம் நாளுக்குத் தள்ளி, கரமனையை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே உள்ள மேத்தன் மணியைப் பாருங்கள். தாடிக்கார முகத்தின் இரு கன்னத்திலும் மணிக்கொரு தரம் ஆட்டுக்கடாக்கள் முட்டும்படி அமைத்த கடிகாரம்.

கோவளம் போகும் பஸ் 'கிழக்கே கோட்டை'யிலிருந்தே புறப்படுகிறது. நான்காம் நாள் நீங்கள் இருவரும் தோடி கேட்கப் போகும் நேரத்தில் அவன் போய் வரட்டும், கடலில் இறங்காமல் மணலில் நடந்துவிட்டு வந்தால் போதும். இரவு ஒன்பது மணிக்குப் பழவங்காடி கணபதி கோயில் வாசலில் மூவரும் சந்தித்துக்கொள்ளலாம். ஐந்தாம் நாள் காலை சாலைக்கு வரும்போது நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு வராதீர்கள், தங்கச்சி. பூ இறக்குகிற இடமெல்லாம் சேறு.